நாற்பது பைக்கும் ஒரே அளவு

மார்ச் 2

அன்புள்ள தையல்கார ஐயாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நம் மகளும் இரட்டைக் குழந்தைகளும் சௌக்கியம். பேரன் அழுது ஓய்ந்ததும் பேத்தி தொடங்குகிறாள், முறை வைத்து வேலை பார்க்கிறார்கள். மாப்பிள்ளை பாவம், நேற்று சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே ஆபீஸ் போய்விட்டார்.

போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறீர்கள். கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் மூத்திரப் பையைப் பற்றிச் சத்தமாக விசாரிக்க எனக்கும் வாய் வரவில்லை. அதனால்தான் கடிதம். இரண்டே வார்த்தை எழுதித் தபாலில் போட உங்களுக்கே வெட்கமாக இருக்கும், பார்ப்போம்.

ஆபரேஷன் முடிந்து இன்றோடு ஏழு வாரம். டாக்டர் கட்டியோடு சிறுநீர்ப்பையையும் எடுத்துவிட்டு, வயிற்றில் ஒரு வழி வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி உங்களை முழுசாகத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அது போதும். ஆனால் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளிலிருந்து நீங்கள் குளியலறையைத் தாழ் போட்டுக்கொண்டீர்கள். அடுத்த வாரம் படுக்கையறையிலும் தாழ்ப்பாள் விழுந்தது. "உனக்கு எதுக்கு இந்தக் கண்ணராவி, நீ கூடத்துல படுத்துக்கோ" என்றீர்கள். குழந்தைகளைப் பார்க்க மட்டும் நான் இங்கே வரவில்லை. கோபத்திலும்தான் வந்தேன். எழுதிவிட்டேன், மனசு லேசாகிவிட்டது.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். பை பாதி நிறைவதற்குள் போய்க் காலி செய்யுங்கள். வேலை மும்முரத்தில் மறந்துவிடாதீர்கள்.

உங்கள் கடையில் பொத்தானுக்குக் காஜா எடுப்பவள்


மார்ச் 9

அன்புள்ள வீட்டம்மாவுக்கு,

இரண்டு வார்த்தைக்கு மேல் எழுதுகிறேன், எண்ணிக்கொள்.

காலையில் எழுந்ததும், தேநீர்கூடக் குடிக்காமல், பை மாற்றுகிறேன். வாரத்துக்கு இரண்டு நாள். வயிறு காலியாக இருக்கும்போதுதான் சொட்டுவது குறைவு. நர்ஸ் அந்த வழியை ஸ்டோமா என்கிறாள். எனக்கு அது சிவப்புப் பொத்தான். பொத்தானின் வாயில் ஒரு துணிச் சுருளை வைத்துக்கொண்டு, சுற்றிலும் வெந்நீரில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, புதுப் பையை ஒட்டி, உள்ளங்கையால் ஐந்து நிமிடம் பொத்திப் பிடிக்கிறேன். சூட்டில்தான் பசை பிடிக்கும். காலருக்குக் கான்வாஸ் ஒட்டுகிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

பேண்ட் எல்லாவற்றையும் பிரித்துத் தைத்துவிட்டேன். இடுப்புப் பட்டி இப்போது பொத்தானை அழுத்துவதில்லை. உள்ளே வலது பக்கம் பையைத் தாங்க ஒரு மெல்லிய பாக்கெட். அதில் பை உட்கார்ந்துகொண்டு என்னோடு ஊரெல்லாம் வருகிறது. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் உற்று உற்றுப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் மட்டும் கடை திறக்கிறேன், பயப்படாதே.

இன்னொரு சாமர்த்தியம் கேள். பையின் ஒட்டும் வட்டத்தில் பொத்தான் நுழைகிற ஓட்டையை நாம்தான் வெட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் யார் உட்கார்ந்து வெட்டுவது? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அட்டையில் ஒரு மாதிரி எடுத்து, இரண்டு பெட்டியிலிருந்த நாற்பதையும் ஒரே மூச்சில் வெட்டி அடுக்கிவிட்டேன். அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி. தொழில் தெரிந்த கை என்றால் சும்மாவா?

நேற்று ஒரு கூத்து. வக்கீலுக்குக் கோட்டு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். மனுஷன் வழக்கம்போல வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார். "எக்காதீங்க சார், இயல்பா நில்லுங்க" என்று சொல்லி வாய் மூடவில்லை, என் பையின் ஓரம் கசிந்து பேண்ட் நனைந்துவிட்டது. சட்டென்று மேஜைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை என்மேலேயே தட்டிவிட்டு, கை தவறிவிட்டது என்றேன். வக்கீலிடமே பொய்ச் சாட்சி சொல்லித் தப்பித்தவன் நானாகத்தான் இருப்பேன். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. தோலும் கொஞ்சம் எரிகிறது. பசை பழசு போலிருக்கிறது.

கதவைப் பற்றி எழுதியிருந்தாய். பிறகு எழுதுகிறேன்.

குழந்தைகளுக்கு முத்தம்.

உன் தையல்காரன்


மார்ச் 14

அன்புள்ள சாமர்த்தியசாலிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன். மகள் என்னவென்று கேட்டாள், சொல்லவில்லை. இரண்டாம் தடவை வாசித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

பசை பழசு இல்லை. அளவுதான் பழசு.

போன வருஷ அளவிலேயே தைத்துக் கொடுங்கள் என்று கணக்கு டீச்சர் எத்தனை கெஞ்சினாள்? "உடம்பு மாறிக்கிட்டே இருக்கும்மா, வந்து நின்னாத்தான் கத்திரிக்கோலை எடுப்பேன்" என்று திருப்பி அனுப்பியவர் யார்? வீக்கம் வடிய வடியப் பொத்தான் சுருங்கும், இரண்டு மாதத்துக்கு வாரா வாரம் அளந்துதான் வெட்ட வேண்டும் என்று நாம் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். நீங்கள் "தெரியும், தெரியும்" என்று தலையாட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் நாற்பதையும் வெட்டிவிட்டீர்கள். ஓட்டை பெரிசு, பொத்தான் சிறிசு. நடுவில் உள்ள தோல் ஈரத்தில் ஊறுகிறது. எரிச்சலும் அதனால்தான், கசிவும் அதனால்தான். நாளைக்கே நர்ஸிடம் போய்க் காட்டுங்கள்.

நான் பார்த்திருந்தால் முதல் வாரமே சொல்லியிருப்பேன். நூலளவு பிசகினாலும் என் கண்ணில் பட்டுவிடும் என்று நீங்கள்தான் எல்லோரிடமும் பெருமையடிப்பீர்கள். அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் தாழ் போட்டீர்கள். நான் முகம் சுளிப்பேன் என்று நினைத்தீர்களா? இங்கே ஒரு நாளைக்கு இருபது நாப்கின் மாற்றுகிறேன். வாரத்துக்கு இரண்டு பையோடு நிற்கிற நீங்கள் இந்த வீட்டில் இருந்தால் சமத்துப் பிள்ளை.

மூன்று மாதம் இருந்துவிட்டுப் போ என்கிறாள் மகள். சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அங்கே வந்தும் கூடத்தில்தான் படுக்க வேண்டும் என்றால், நான் இங்கேயே இருந்துவிடுகிறேன். ஆத்திரத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

காஜா எடுப்பவள்


மார்ச் 18

அன்புள்ளவளுக்கு,

மூக்குடைபட்டேன். நர்ஸிடம் போனேன். ஒன்றரை அங்குலமாக இருந்த பொத்தான் ஒன்றேகாலுக்கு வந்துவிட்டது. நான் வெட்டி வைத்திருந்ததை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க டெய்லர்தானே?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அசடு வழிந்தது. மீதி இருபத்துச் சொச்சம் பையும் வீண். புதிதாக வெட்டி ஒட்டிய பை இரண்டு நாளாக ஒரு சொட்டுக் கசியவில்லை. எரிச்சலும் குறைகிறது.

கதவுக்கு இன்னும் வார்த்தை கிடைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தையல்காரன்


மார்ச் 29

அன்புள்ள என் வீட்டம்மாவுக்கு,

நான் எழுதிப் பதினோரு நாளாயிற்று, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையைக் குனிந்துகொண்டு போகிறார்.

வார்த்தை கிடைத்துவிட்டது, எழுதுகிறேன். வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் விடியற்காலையில், தூங்கும்போது வயிற்றுப் பையோடு இணைக்கிற பெரிய இரவுப் பைக்குப் போகிற குழாய் கழன்று படுக்கை நனைந்துவிட்டது. நீ எழுந்து ஒரு வார்த்தை பேசாமல் விரிப்பை மாற்றினாய். என்னைத் துடைத்துவிட்டாய். உன் முகத்தில் அருவருப்பு இல்லை. இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவ்வளவு பொறுமையாக, ஆஸ்பத்திரி ஆயா மாதிரி துடைத்தாய். அதுதான் என்னைக் கொன்றது. முப்பது வருஷமாக என்னோடு மல்லுக்கு நின்றவள், என் சட்டையைப் பிடித்து இழுத்தவள், இனிமேல் என்னை நோயாளியாகத்தான் பார்ப்பாளோ என்று பயந்துவிட்டேன். தாழ் போட்டது உன்னை வெளியே நிறுத்துவதற்காக இல்லை. எனக்குத் தெரிந்தவள் அப்படியே இருக்கட்டும் என்றுதான். முட்டாள்தனம்தான். போன கடிதத்தில் நீ என்னை வாங்கு வாங்கு என்று வாங்கியிருந்தாய் பார், அதை வாசித்தபோது, என் ஆள் எங்கேயும் போய்விடவில்லை என்று கண் கலங்கிவிட்டது.

படுக்கையறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். திருகாணி நாலும் பொத்தான் டப்பாவில் கிடக்கின்றன. இரவுப் பைக்கு என் பக்கத்துக் கட்டில் காலில் ஒரு கொக்கி அடித்திருக்கிறேன். குழாயை விரிப்போடு பிடித்துக்கொள்ள ஒரு பட்டி தைத்தேன். இனிக் கழலாது, உன் பக்கமும் வராது. உன் தலையணைக்கு உறை மாற்றியாயிற்று.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. நர்ஸ் ஏப்ரலில் இன்னொரு தடவை அளந்து பார்க்கச் சொல்லியிருக்கிறாள். பழக்கத்துக்காக இன்று நானே கண்ணாடி முன்னால் நின்று அளந்தேன். குனிந்தால் வயிறு மடிகிறது, நிமிர்ந்தால் கண்ணுக்குத் தெரியவில்லை. மூன்று தடவை அளந்ததில் மூன்று அளவு வந்தது. எந்தத் தையல்காரனும் தன் உடம்புக்குத் தானே அளவு எடுக்கக் கூடாது என்பது நம் கடைச் சட்டம், உனக்குத் தெரியும். அளவு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் பக்கம் இருக்கிறது, எனக்கு இல்லை. இத்தனை வருஷத்தில் நம் கடையில் யாரும் என்னை அளந்ததே இல்லை.

இவ்வளவு காலமும் நான் அளந்து சொன்னேன், நீ எழுதினாய். இந்த ஒரு தடவை நீ அளந்து சொல், நான் எழுதிக்கொள்கிறேன். வருவாயா?

உன் தையல்காரன்


ஏப்ரல் 3

அன்புள்ள உங்களுக்கு,

எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. இரண்டு வாண்டுகளுக்கும் சளி பிடித்து, எனக்குத் தலைக்கு மேல் வேலை. இப்போது தேறிவிட்டார்கள். மகள் தானே சமாளித்துக்கொள்வதாகச் சொல்லி என் பெட்டியை அவளே எடுத்து வைத்துவிட்டாள்.

அன்றைக்கு நான் ஏன் பேசவில்லை தெரியுமா? உங்களுக்கு வலித்துவிடுமோ என்று பயந்துகொண்டே துடைத்தேன். பயத்தில் வாய் அடைத்துப் போயிற்று. அது பொறுமை இல்லை. இனிமேல் திட்டிக்கொண்டே துடைக்கிறேன், போதுமா?

ஒன்பதாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். நீங்களே வந்து பெட்டியைத் தூக்குகிறேன் என்று கிளம்ப வேண்டாம், உங்களுக்கு இன்னும் கனம் ஆகாது. இஸ்திரிக்காரரை அனுப்புங்கள்.

அளவு நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பி வையுங்கள். பென்சிலைச் சீவி வையுங்கள். நான் டேப்போடு வந்து நிற்கும்போது வயிற்றை எக்கக் கூடாது. இயல்பாக நில்லுங்கள்.

உங்கள்
காஜா எடுப்பவள்