கண்ணாடி மேல் போட்ட பழி

அக்டோபர் 24

பெண்மான் வேட்டை தொடங்கி மூன்று நாள் ஆகிறது. மழை. சரிவில் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து உள்சட்டை வரை நனைந்து, கடைசியில் சுடாமல் திரும்பினேன். கிழட்டுப் பெண்மான் ஒன்று தனியாக நின்றது. தனியாகத்தானா? பின்னால் இருந்தது கன்றா, பாறையா என்று தெரியவில்லை. துப்பாக்கி ஸ்கோப்பின் கண்ணாடிக்குள் பால் ஊற்றியதுபோல் ஒரே மங்கல். தாயைச் சுட்டால் கன்று பனியில் பட்டினி கிடந்து சாகும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

இந்த ஸ்கோப் ஆறு மடங்குதான் காட்டும், கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. இருபது வருஷம் உழைத்துவிட்டது, ஓய்ந்துபோயிற்று என்று டார்க்விலிடம் சொன்னேன். மான் பெருகாமல் சுட்டுக் குறைக்கிற வேலைக்கு இந்த எஸ்டேட்டில் அவனும் நானும்தான்.

"அதுக்கு ஒண்ணும் ஆகல இஷ்பெல். நல்லா துடைச்சுப் பாரு."

துடைத்தேன். அப்படியேதான் இருக்கிறது.

மானைச் சுட்டவருக்கே அதன் ஈரல். அதை நம்பி வீட்டில் என் கணவன் ரூரி வெங்காயம் நறுக்கி வைத்திருந்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு முட்டை பொரித்துப் போட்டான்.

அக்டோபர் 26

சமையலறை பல்பு அழுது வடிகிறது. மாற்றச் சொன்னேன். "போன மாசம்தானே மாத்தினேன்?" என்றான் ரூரி. மாற்றினான். இதுவும் அழுது வடிகிறது. இந்த மனுஷன் பார்த்து வாங்குகிற லட்சணம் இதுதான்.

அக்டோபர் 29

ஞாயிறு. இன்று இந்தப் பக்கம் யாரும் துப்பாக்கியைத் தொடமாட்டார்கள். மடங்கைக் கூட்டிக் குறைக்கிற ஸ்கோப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்திலிருந்து இருபத்தைந்து வரை போகிற ஒன்று பிடித்திருந்தது. சாப்பிட வந்த டார்க்வில் எட்டிப் பார்த்தான்.

"இருபத்தைஞ்சா? மான் மேல ஊர்ற பேனை எண்ணப் போறியா?"

"பெரிசா தெரிஞ்சா நல்லதுதானே?"

"பெரிசாக்கப் பெரிசாக்க இருட்டும். சாயங்காலம் வெளிச்சம் வேணும்னா வளையத்தைத் திருப்பி மடங்கைக் குறைச்சுத்தான் வைக்கணும். மரத்துக்கு நடுவுல மான் திடீர்னு பக்கத்துல வந்து நின்னா உனக்கு வெறும் ரோமம்தான் தெரியும்."

அவன் சொன்னது சரிதான். அதனால்தான் எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னொரு உருளைக்கிழங்கு கேட்டான், தரவில்லை.

நவம்பர் 3

இன்றும் வெறுங்கை.

மேலாளர் டார்க்விலிடம் கேட்டாராம்: "இஷ்பெல் இந்த வருஷம் ஒண்ணுமே கொண்டுவரலையே, உடம்பு சரியில்லையா?" இவன் ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறான். இந்த வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். புது ஸ்கோப் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆகும். ஆகணும்.

நவம்பர் 8

இன்வர்னஸ் போனேன். கில்கிறிஸ்ட் கடையில் மூன்று ஸ்கோப் எடுத்து வைத்தார். சாயங்கால வெளிச்சத்தில்தான் பார்ப்பேன் என்று நான் சொன்னதால், பொழுது சாயும் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு வாசலுக்குக் கூட்டிப் போனார். ஆற்றுக்கு அக்கரையில் தேவாலயக் கடிகாரம்.

முதலாவது மங்கல். வளையத்தைக் குறைத்தேன், மங்கல். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது, கடையிலேயே விலை கூடினது; அதுவும் மங்கல்.

"என்ன சரக்கு வச்சிருக்கீங்க நீங்க?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. வாங்கிப் பார்த்தார். "எனக்கு நிமிஷ முள் தெரியுதேம்மா. ஒரே ஒரு தடவை இடது கண்ணால பாருங்க."

பார்த்தேன். பொன் எண்கள். நிமிஷ முள். அதற்குக் கீழே விளிம்பில் கடற்புறா ஒன்று இறகு கோதிக்கொண்டிருந்தது. மூன்று ஸ்கோப்பிலும்.

ஐயோ. கண்ணா?

வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதேன். சுடுகிற கண் அது. வேறு எந்த வேலை தெரியும் எனக்கு?

நவம்பர் 9

ரூரியிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"பல்பைத் திட்டினே. டிவியைத் திட்டினே. வண்டிக் கண்ணாடியை நான் சரியா துடைக்கலேன்னு என்னையும் திட்டினே." எண்ணிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

"வீடு போயிடும்டா" என்றேன்.

"போகட்டும். முதல்ல கண்ணைப் பாப்போம்."

நவம்பர் 14

வலது கண்ணில் புரை. அறுவை செய்தால் தெளிந்துவிடும் என்கிறார் டாக்டர். ஆனால் காத்திருப்போர் வரிசை நீளம்.

ஒளிப்பதில் அர்த்தமில்லை என்று டார்க்விலிடமும் சொல்லிவிட்டேன். கேலி செய்வான் என்று பயந்தேன்.

"நீ கூட வந்து மானைத் தேடிக் குடு, நான் சுடுறேன். மான் தேடறதுல உன் ஒத்தைக் கண்ணு என் ரெண்டு கண்ணுக்குச் சமம். மேலாளர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றான். பேசியும்விட்டான். அன்றைக்கு அந்த உருளைக்கிழங்கைக் கொடுத்திருக்கலாம்.

டிசம்பர் 6

அறுவைக்கு யாரோ வரவில்லையாம், அந்த இடத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். முடிந்தது. வலிக்கவில்லை. நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குத்தான் வலித்திருக்கும்.

டிசம்பர் 7

கட்டு எடுத்தாயிற்று. பனி இவ்வளவு வெள்ளையா!

சமையலறை பளிச்சென்று இருக்கிறது. "பரவாயில்லையே, எப்ப நல்ல பல்பு வாங்கினே?"

"அதே பழைய பல்புதான் தாயே."

ரூரிக்கு இவ்வளவு நரை எப்போது வந்தது? பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன?" என்றான். "ஒண்ணுமில்ல."

ஜனவரி 24

துப்பாக்கி பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய ஸ்கோப்பில் கண் வைத்தேன். பளிங்கு மாதிரி. அதனிடம் மன்னிப்புக் கேட்டேன், வாய்விட்டே. ரூரி சிரித்தான்.

ஆனாலும் கில்கிறிஸ்ட் கடைக்குப் போய் மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை போகிறதை வாங்கிவிட்டேன். மரங்களுக்குள் மூன்று. சுடுவதற்குப் பழகின ஆறு. கன்று விஷயத்தில் சந்தேகம் வந்தால் மட்டும் பன்னிரண்டு. இரும்புத் தகட்டில் சுட்டுச் சரிபார்த்தாயிற்று.

பிப்ரவரி 9

அதே சரிவு. பெண்மான், பின்னால் ஏதோ ஒன்று. வளையத்தைப் பன்னிரண்டுக்குத் திருப்பினேன். காது. காதின் மேல் பனித்துகள். உதறியது. கன்று!

சுடவில்லை. "மறுபடியும் வெறுங்கையா?" என்றான் டார்க்வில். "ஆமாம்" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிப்ரவரி 15

சீசன் கடைசி நாள். கன்றில்லாத கிழட்டுப் பெண்மான். பன்னிரண்டில் சுற்றிலும் பார்த்தேன், ஆறுக்குக் கொண்டுவந்தேன். ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே விழுந்தது.

மலையிலிருந்தே ரூரிக்குப் போன் போட்டேன். "வெங்காயம் நறுக்கு" என்றேன்.

மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அழறியா?"

"இல்லையே. நறுக்க ஆரம்பிச்சுட்டேன்" என்றான்.