வாய் தவறி வந்த ஆமென்

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? எல்லாரும் தூங்கியபின் குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விடுதியில் ஜெபிக்கக் கூடாது என்பது தெரியுமல்லவா? நேற்று வார்டன் விதிகளை வாசித்து முடித்ததும், பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றுவிட்டேன்! ஒரே சிரிப்பு. பிறகு வார்டன் என் பெட்டியைக் குடைந்து வேதாகமத்தை எடுத்துக்கொண்டார்.

தினமும் என்னோடு முழங்காலிட்டவள் பக்கத்துக் கட்டில்காரி. அவளே, "இவ ஒரு லூசு மிஸ், நான் இவகூட பேசறதே இல்ல" என்றாள்.

"கூட ஜெபம் பண்ணினது யாரு? ஒரு வாரத்துக்குள்ள பேர் வரணும், இல்லேன்னா வீட்டுக்குக் கிளம்பு" என்கிறார் வார்டன். அவள் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, அம்மா. அதைச் சொல்லாதிருக்க ஜெபியுங்கள்.

இன்னொரு கம்பளி அனுப்புங்கள். என்னுடையதைப் போர்த்திக்கொண்டுதான் அவள் தூங்குகிறாள். திருப்பிக் கேட்க மனமில்லை.

அவசரத்தில்,
உங்கள் மகள்