கதவடிக் காட்சியை வெட்டிவிட்டேன், மச்சான்

எதைச் சொன்னாலும் சிரிக்கத் தெரிந்த என் மச்சான் குலனுக்கு,

நாடகம் போன ஞாயிற்றுக்கிழமை மேடையேறியது. நீ எழுதி, நீ பழக்கி, நீ பார்க்காமல் போன நாடகம். மண்டபம் நிறையச் சனம், நல்ல கைதட்டல், முடிவில் எனக்கொரு பொன்னாடை. சந்தோசப்பட்டுவிடாதே. இது எரிச்சலில் எழுதுகிற கடிதம். அதில் முக்கால்வாசி எரிச்சல் என்மேல்தான்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் தெரிய வேண்டுமே. நீ இந்தக் கியூபெக்குக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஆஸ்பத்திரி வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிரெஞ்சு வகுப்பு டீச்சர் உங்களை ஒரு நாடகத்துக்குக் கூட்டிப் போனார். முந்நூறு வருடத்துக்கும் மேல் பழைய பிரெஞ்சு நகைச்சுவை. பொய்முடி வைத்த பிரபுக்கள், விசிறி பிடித்த சீமாட்டிகள். ஆள் முன்னால் இருக்கும்வரை புகழ்ச்சி, ஆள் வெளியே போனதும் கிழி கிழியென்று கிழிப்பார்கள். உனக்குப் பாதி வசனம் விளங்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கத்தினாய்: "மச்சான், இவங்கள் பிரபுவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவங்கள் எங்கட ஆக்கள்!"

பிறகு எத்தனை வருடம் அதோடு கிடந்தாய்! நோயாளிகளைத் தள்ளுகட்டிலில் கொண்டுபோய் விட்டுவிட்டு, இடைவேளையில் ஒரு மூலையில் இருந்து கொப்பியில் எழுதுவாய். பிரபுக்களுக்கு வேட்டி கட்டிவிடுவோம் என்று நான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவே இல்லை. "வேசம் அவங்கட, நாக்கு எங்கட. அப்பதான் சனம் பயமில்லாமல் சிரிக்கும்" என்றாய்.

பிரெஞ்சில் இல்லாத ஒரு காட்சியை நீயாகவே சேர்த்தாய், கதவடிக் காட்சி. நம்மவர் வீடுகளில் தினமும் நடப்பதுதான். விருந்து முடிந்து "அப்ப போட்டுவாறம்" என்று எழும்புவார்கள். ஜாக்கெட் போட்டு, பூட்ஸ் மாட்டி, கழுத்துத் துணியும் சுற்றிக்கொண்டு கதவடியில் முக்கால் மணிநேரம் நிற்பார்கள். உன் நாடகத்தில் ஐந்து பிரபுக்கள் அப்படி நிற்கிறார்கள். முதலில் போகிறவனைப் பற்றி மிச்ச நாலு பேரும் கதைப்பார்கள் என்று ஐந்து பேருக்கும் பயம். வியர்த்து வழிகிறது, பொய்முடி நழுவுகிறது, கால் மட்டும் நகரவில்லை. ஐந்தாவது பிரபு நான். கடைசியில் கதவைத் திறந்து, "நான் போறன். நல்லாக் கதையுங்கோ!" என்று சொல்லிவிட்டுப் போகிறவன்.

நீ வேலை செய்த அதே ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்த கடைசி வாரத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "எதை வெட்டினாலும் வெட்டு. கதவடியிலை மட்டும் கை வைச்சிடாதை." நான் ஓம் என்றேன். உன் கையைப் பிடித்துக்கொண்டு ஓம் என்றேன், குலன்.

இப்போது நடந்ததைக் கேள். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா, அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் ஒரு பள்ளிக்கூட மண்டபம். இரண்டு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு மண்டபத்தை விட்டுவிட வேண்டும். விளக்கேற்றவே ஒன்பது பேர். பிறகு வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை. பொன்னாடை போர்த்தியவருக்கே திரும்ப ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், மச்சான்! நாங்கள் திரைக்குப் பின்னால் பொய்முடிக்குள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றோம். நாலரைக்குச் சங்கத் தலைவர் பின்னால் வந்தார்.

"தம்பி, நேரம் போட்டுது. ஒரு இருபது நிமிசத்தைக் குறையுங்கோ."

"எதை அண்ணை குறைக்கிறது?"

"அந்தக் கதவடிச் சீன் கிடக்கெல்லே, அதை எடுங்கோ. அதிலை கதையெண்டும் ஒண்டும் இல்லை. எங்கட ஆக்களை நக்கலடிக்கிற மாதிரிக் கிடக்கெண்டு ரெண்டு மூண்டு பேர் சொல்லினம்."

உங்கள் பேச்சைக் குறைத்திருக்கலாமே என்று கேட்க வாய்வரை வந்தது. செத்துப்போனவனுக்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பிரச்சினை இல்லை அண்ணை." இரண்டு சொல்லும் ஒரு மரியாதையும். அவ்வளவு சுகமாக உன் காட்சியைக் கொன்றேன். அவருடைய முகம் கோணக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. அடுத்த வருடமும் மேடை தருவார் என்ற நப்பாசையா? தெரியவில்லை, யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

நாடகம் முடிந்தது. "அந்தமாதிரி!" என்று எல்லோரும் புகழ்ந்தார்கள். பேச்சுக்காரர்களோடு வெளியிலே நின்று முழு நேரமும் கதைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட "அந்தமாதிரி" என்றார்கள். பிறகு வாசற்கதவடியில் எல்லோரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றோம். "அப்ப போட்டுவாறம்" என்று எல்லோரும் சொன்னார்கள், ஒருவரும் போகவில்லை. மண்டபம் பார்க்கிற கியூபெக்காரர் திறப்புக்கோர்வையோடு நின்று, ஒரு புன்சிரிப்போடு "பொன்சுவா, பொன்சுவா" என்று பிரெஞ்சில் மாலை வணக்கத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாவம், எங்களைப் போகச் சொல்கிறார் என்பது எங்களைத் தவிர எல்லோருக்கும் விளங்கியிருக்கும்.

அங்கே உன்னைப் பற்றித்தான் கதைத்தார்கள். "குலன் தங்கமான பிள்ளை. அவன்ரை திறமையை நாங்கள்தான் முதல் கண்டுபிடிச்சம்" என்றார் தலைவர். நீ முதன்முதலில் இந்த நாடகத்தோடு போனபோது "விசர் வேலை" என்று கொப்பியைத் திருப்பித் தந்தவர் இவர்தான். நான் தலையாட்டினேன். ஓம், தலையாட்டினேன்! அந்தக் கூட்டத்தை விட்டு முதலில் போக எனக்கும் பயமாக இருந்தது.

உன் தங்கச்சி என் பக்கத்தில்தான் நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் வதனி அந்தக் குரலில் என்னோடு கதைத்ததில்லை.

"அண்ணா எழுதினதை மேடையிலை வெட்டிப்போட்டு, இஞ்சை வந்து நிண்டு நடிக்கிறியள். இதுக்கு ஆர் கைதட்டுறது?"

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனாள். உன் வசனத்தைச் சொல்லாமலே உன் காட்சியை முடித்தவள் அவள்தான். நான் அதன்பிறகும் பத்து நிமிடம் நின்றேன். அந்தக் கியூபெக்காரர் விளக்கை அணைக்கத் தொடங்கிய பிறகுதான் எல்லோரும் ஒன்றாக வெளியேறினோம். வதனி காரின் பின்சீட்டில் ஏறி இருந்தாள். லொங்குய்ய் வீடு வரைக்கும் நான் வைப்பரையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

நீ இருந்திருந்தால் என்னை என்ன பேச்சுப் பேசியிருப்பாய்? பேசியிருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்!

வருகிற மாதம் உன் ஆண்டுத் திவசம், எங்கள் வீட்டில். தலைவர் வருவார், அந்த இரண்டு மூன்று பேரும் வருவார்கள். சாப்பிட்டுவிட்டு, உன்னைப் புகழ்ந்துவிட்டு, ஜாக்கெட் போட்டுக் கதவடியில் நிற்பார்கள். மற்ற நாலு பிரபுக்களோடும் கதைத்துவிட்டேன். பொய்முடி வைத்துக்கொண்டு அவர்களுக்கு நடுவில் போய் நிற்கப் போகிறோம். இருபது நிமிடமும் முழுசாக நடக்கும். ஒருவரும் தப்பிப் போகாமல் சப்பாத்துகளை ஒளித்துவைப்பது வதனியின் பொறுப்பாம். நாலு நாளுக்குப் பிறகு அவள் என்னோடு சிரித்துக் கதைத்தது அதைச் சொல்லத்தான்.

எங்களுக்குள் முதலில் எழும்பிப் போனவன் நீ. மிச்சமாக நிற்கிற நாங்கள் உன்னைப் பற்றி வாய்க்கு வந்ததைக் கதைக்கிறோம். அன்றைக்கு உன் வசனத்தை ஒரு சொல்லும் குறையாமல் சொல்லி, என் சொந்த வீட்டிலிருந்து நானே முதல் ஆளாக வெளியே போவேன். பனிக்குள் நின்றுகொண்டு, உள்ளே அவர்கள் கதைப்பது எப்படிக் கேட்கிறது என்று உன்னோடு சேர்ந்து கேட்பேன். இந்த ஓம் பொய்க்காது.

உன் தங்கச்சியைக் கட்டியவன், உன் ஐந்தாவது பிரபு,
மச்சான் நேசன்