மாரியைக் குனியச் சொன்னவன்

சித்திரை, வெள்ளி இரவு, 1986. பெரம்பலூர்.

உயிரோடு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை.

ரோடு வேலை பார்க்கப் போன என்னைக் கடத்திய தலைமறைவு இயக்கத்துக்காரர்கள், ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரித் தோப்புக் குடிசையில் வைத்திருந்தார்கள். காவலுக்கு மாரி. இன்று மதியம் எனக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தான். அப்போது முந்திரி பொறுக்குபவர்கள் போல் வந்தவர்களில் ஒருவர் கூடையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். போலீஸ், என்னை மீட்க வந்தவர்கள் என்று புரிந்தது. அப்படியும் "குனிடா மாரி!" என்று கத்திவிட்டேன். குண்டு சுவரில் பாய்ந்தது. மாரி மூலையில் இருந்த பையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடிவிட்டான்.

ஜீப்பில் இன்ஸ்பெக்டர் கேட்டார்: "குனின்னு கத்துனது யாரு, ஓவர்சியர் சார்?"

"தெரியலீங்க."

"வெடிகுண்டுப் பையோட போயிட்டான். நாளைக்கு எந்த பஸ்ஸுல வைப்பானோ! எங்க போவான்னு ஏதாச்சும் சொன்னானா?"

"இல்லீங்க."

சொன்னான். அக்காள் வீடு இருக்கும் ஊரைச் சொன்னான். அவளுடைய கைக்குழந்தையைப் பற்றியும் சொன்னான். போலீஸ் அங்கே போனால் சுடாமல் விடாது. போகாவிட்டால் அந்தப் பை எங்கே வெடிக்குமோ.

"இன்னும் என்னங்க யோசனை? படுங்க" என்கிறாள் மனைவி.

காலையில் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊர்ப் பெயரை இங்கேகூட எழுதக் கை வரவில்லை.