குதிரைக்குத் தெரியாதது

12-11-1956

காலையிலிருந்து மழை. காட்டு வேலை இல்லை. அம்மாவுக்கு அது கவலை, எனக்குச் சந்தோஷம்.

அண்ணன் ராமநாதபுரத்திலிருந்து ஒரு பழைய புத்தகம் கொண்டுவந்தான். பக்கத்துக்கு ஒரு இங்கிலீஷ் கதை, அடியில் ஐந்து கேள்வி. கடைசியில் விடைகள் இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கங்களை மட்டும் யாரோ கிழித்திருக்கிறார்கள். "நல்லதாப் போச்சு. பார்த்து எழுத மாட்டேல்ல" என்று அண்ணன் சிரித்தான்.

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு. பாடமெல்லாம் இங்கிலீஷ். அதனால் படித்தால் புரிகிறதா என்று ஒரு பரீட்சை வைத்துத்தான் சேர்ப்பார்களாம். பிப்ரவரியில். பள்ளிக்கூட ஹாஸ்டலில் என் பக்கத்துப் பாயில் படுத்த உச்சிப்புளிக்காரி பூமயிலும் எழுதுகிறாள். அவளுக்கு இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. நான்தான் எஸ்.எஸ்.எல்.சி.யில் அந்த ஒரு பாடத்தில் தட்டுத்தடுமாறிக் கரையேறினவள்.

அம்மா முணுமுணுத்தாள். அண்ணன் அவளை அடக்கினான். "அய்யா இல்லைன்னா என்ன, நான் இருக்கேன். எந் தங்கச்சி சொந்தக் கால்ல நிக்கணும்." என்னைப் பார்த்து, "அப்ளிகேசன் நான் போட்டுக்கிறேன் தாயி. நீ படி" என்றான்.

செல்லச்சாமி மாதிரி ஒரு அண்ணன் சாயல்குடி சுற்றுவட்டாரத்தில் எவளுக்கு இருக்கிறான்? காட்டட்டும் பார்ப்போம்.

19-11-1956

எல்லாக் கேள்வியின் வாலிலும் ஒரே பாட்டு: 'உன் சொந்த வார்த்தைகளில் எழுது.' எரிச்சலாக வருகிறது. என்னிடம் ஏது சொந்த இங்கிலீஷ் வார்த்தை? இருப்பதெல்லாம் எவனோ ஒருவன் புத்தகத்தில் எடுத்ததுதான்.

3-12-1956

இன்றைக்கு ஒரு குதிரைக் கதை. வியாபாரி ஒருவன். வயதான குதிரை. ஒருநாள் விடிந்ததும் அதைக் குளிப்பாட்டுகிறான், பிடரியைச் சீவுகிறான், வயிறு நிறையக் கொள்ளு வைக்கிறான். குதிரைக்குத் தலைகால் புரியவில்லை, எஜமான் தன்மேல் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறானே என்று. பிறகு இருவரும் ஊரைவிட்டுப் புறப்படுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

கடைசிக் கேள்வி: 'குதிரைக்குத் தெரியாதது என்ன?'

வரிவரியாகத் தேடினேன். எங்கேயும் விடை இல்லை. அச்சடித்தவன் விட்டுவிட்டான் என்று நினைத்தேன். அண்ணன்தான், "எல்லா விடையும் வரியில இருக்காது தாயி. வரிக்கு நடுவுல பாரு" என்றான்.

பார்த்தேன். பளிச்சென்று பிடிபட்டது. இதுகூடத் தெரியாதா நமக்கு? கிழட்டுக் காளையை அய்யா கண்மாயில் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவினால் அன்றைக்கு என்ன கிழமை என்று எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும். சந்தை! குதிரையை விற்கக் கொண்டுபோகிறான்!

என் சொந்த வார்த்தையில் எழுதினேன். அண்ணன் படித்தான். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவ்வளவு நன்றாகவா எழுதியிருந்தேன்!

22-12-1956

அகராதியைத் தொடாமல் ஒரு பக்கம் முழுக்கப் புரிந்தது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஒலையில அரிசியப் போடு" என்றாள்.

15-1-1957

அண்ணன் சொல்கிறான், பெரிய பரீட்சைக்கு முன்னால் வாயால் கேட்கும் பரீட்சை ஒன்று இருக்கிறதாம். ஆஸ்பத்திரி ஆட்கள் ராமநாதபுரத்துக்கே வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை. புத்தகத்தை முதலிலிருந்து மறுபடி படிக்கிறேன்.

20-1-1957

போய் வந்தாயிற்று. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன்!

அம்மா காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றினாள். மல்லிகைப்பூ வைத்தாள். பரீட்சைக்குப் பூ எதற்கு என்றேன். "ஆசுபத்திரிக்காரவுக சுத்தபத்தமாப் பாப்பாகல்ல" என்றாள். பூவை மூன்று தடவை எடுத்து எடுத்துக் குத்தினாள். என்னைவிட அவளுக்குத்தான் பயம்.

அண்ணன் கூட்டிப்போனது ராமநாதபுரத்தில் யாரோ பெரிய மனிதர் வீடு. எனக்கு நாற்காலி போட்டார்கள். எதிரே ஒருவர், வெள்ளைச் சட்டை, கண்ணாடி, முப்பது வயதிருக்கும். பக்கத்தில் இரண்டு அம்மாக்கள். நர்ஸ்களுக்குத் தலைவிகளாக இருக்கும். அவர் கையில் சில தாள்கள். டைப் அடித்த ஒரு பக்கத்தை நீட்டிப் படிக்கச் சொன்னார். பார்க்கிறேன், குதிரைக் கதை! சாமி கண்ணைத் திறந்துவிட்டது.

படித்தேன். அவர் கேள்வி கேட்டார், நான் சொன்னேன். ஒவ்வொரு பதிலுக்கும் தாளைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். கடைசிக் கேள்விக்கு, "அன்றைக்குச் சந்தை என்று அதற்குத் தெரியாது, சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். "குட்" என்றார்.

அப்புறம் அந்த அம்மாக்கள். ஒருத்தி என் சடையைத் தூக்கிப் பார்த்தாள். நர்ஸ் தொப்பிக்குள் அடங்குமா என்று பார்த்திருப்பாள். கஞ்சி வைக்கத் தெரியுமா என்றாள், நோயாளிகளுக்குத்தானே. இங்கனேருந்து அங்கன வரைக்கும் நடந்து காட்டு என்றாள். வார்டில் எவ்வளவு நடக்க வேண்டும்! விறுவிறுவென்று நடந்து காட்டினேன். "வேகம் கொஞ்சம் சாஸ்தி" என்று சிரித்தார்கள்.

கேசரியும் காப்பியும் கொடுத்தார்கள். நல்ல ஆஸ்பத்திரி.

22-1-1957

அது பரீட்சை இல்லை.

அது பரீட்சையே இல்லை.

23-1-1957

எழுதினாலாவது ஆறுமா பார்க்கிறேன்.

நேற்று அம்மா அடுப்படியில் சொன்னாள்: "மாப்ளைக்கு ஒன்னயப் புடிச்சிருக்காம்த்தா." எந்த மாப்பிள்ளை என்றேன். "கேள்வி கேட்டாருல்ல, அவருதான். பூமிநாதன். வாலிநோக்கத்துல உப்புக் கம்பெனி கிளார்க்கு."

சிரிப்புத்தான் வந்தது முதலில். சார் என்று கூப்பிட்டேனே! நடந்து காட்டினேனே! நோயாளிக் கஞ்சி!

எனக்கு எப்படித் தெரியும்? பெண் பார்க்க வந்தால் பெண் வீட்டுக்குத்தானே வருவார்கள்? பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து மாப்பிள்ளையே எதிரே இருந்து கேள்வி கேட்பதை எங்கள் சாதிசனத்தில் யார் கண்டது? சொன்னால் வரமாட்டாள் என்று தெரிந்துதானே வேறு வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள்.

அண்ணனிடம் கேட்டேன். "அப்ப பிப்ரவரிப் பரீட்சை?" அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான். "அப்ளிகேசன் போடலம்மா."

ஏண்ணே? ஏண்ணே இப்பிடிப் பண்ணுன? வாய் ஓயாம சொந்தக் கால்னு சொன்னியே? நீதானே சொன்ன? நீதானே?

"நெசமாத்தான் ஒன்னய அனுப்ப நெனச்சேன். நடுவுல இந்த இடம் வந்துருச்சு. இங்கிலீசு தெரிஞ்ச பொண்ணுதான் வேணும்னுட்டாரு. எனக்கும் அந்தக் கம்பெனியிலேயே ஒரு வேலை போட்டுத் தாரேங்காரு. விட மனசு வரலை தாயி." தாயியாம்.

அம்மாவுக்கும் தெரியும். பூவை எடுத்து எடுத்துக் குத்தியது பயத்தால் இல்லை. கொம்புக்குத்தான் எண்ணெய் போட்டிருக்கிறாள். நான் என்னவோ குதிரையைப் பார்த்துக் கெட்டிக்காரத்தனமாகப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிக்கு நடுவில் பார்க்கச் சொன்னவன் பக்கத்திலேயே இருந்தான். பார்க்கவில்லையே நான்.

26-1-1957

சாப்பிடவில்லை.

29-1-1957

அம்மா என் காலில் விழ வந்தாள். வார்த்தை கொடுத்தாயிற்றாம், தவறினால் குடும்பமே தலைகுனிந்து போகுமாம். எனக்குக் கொடுத்த வார்த்தைக்கு மட்டும் தலையும் இல்லை, வாலும் இல்லை. அவளைத் தூக்கி நிறுத்தினேன். கஞ்சி குடித்தேன்.

17-2-1957

இன்று மதுரையில் பரீட்சை. பூமயில் இந்நேரம் எழுதிக்கொண்டிருப்பாள். பக்கத்து நாற்காலியில் யாரோ.

அண்ணன் வெற்றிலை பாக்கோடு வந்து, "பேசும்மா" என்றான். ஒன்று மட்டும் யோசித்துப் பார்க்கிறேன். நவம்பரிலும் டிசம்பரிலும் அவன் நிஜமாகவே எனக்காகத்தான் சொல்லிக்கொடுத்தான். அப்புறம்தான் ஆசை அவனைப் புரட்டிவிட்டது. அந்த இரண்டு மாதத்து அண்ணனுக்காக இந்த அண்ணனை மன்னிக்கலாமா? தெரியவில்லை. "சோறு எடுத்து வைக்கவா?" என்று கேட்டேன். அவன் அழுதுவிட்டான்.

6-6-1957

கல்யாணம் முடிந்தது. வாலிநோக்கம். எங்கு பார்த்தாலும் வெள்ளை. கண் கூசுகிறது.

9-11-1959

மழை ஆரம்பித்துவிட்டது. உப்பளம் முழுக்க ஓய்ந்து கிடக்கிறது. இவருக்கு ஆபீஸில் வேலை இல்லை. இப்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

ஹெட் கிளார்க் ஆக வேண்டுமென்றால் தூத்துக்குடி பெரிய ஆபீஸில் ஒரு இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டுமாம். ஒரு பக்கம் கொடுப்பார்கள், படித்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். இரண்டு தடவை எழுதித் தோற்றிருக்கிறார். "ஏத்தா, நீ கொஞ்சம் சொல்லிக்குடேன்" என்றார். அதற்காகத்தான் இங்கிலீஷ் தெரிந்த பெண் வேண்டுமென்று தேடினாராம். வெட்கமே இல்லாமல் சொல்கிறார். கெட்ட மனிதர் இல்லை. கள்ளமே இல்லாமல் பேசுகிறவரிடம் சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"அன்னைக்கு என்னையக் கேள்வி கேட்டீகளே?" என்றேன்.

"எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னதுல பாதி புரியலை. விடைத்தாள் கையில இருந்துச்சு. நீ சொல்றதுல அங்கங்க வார்த்தை ஒத்துப்போச்சு, தலைய ஆட்டினேன்."

விடைத்தாள் ஏது என்றேன்.

"ஒங்க அண்ணன் குடுத்ததுதான். புத்தகம் வாங்கின அன்னைக்கே கடைவாசல்ல வச்சு அந்தப் பக்கத்தையெல்லாம் கிழிச்சு எங்கிட்டக் குடுத்துட்டாரே. 'ரெண்டு மாசத்துல தயார் பண்ணிருவேன், வந்து பாருங்க'ன்னாரு."

புத்தகம் வாங்கின அன்றைக்கே.

அப்போ நடுவுல எதுவுமே வரலையா? ஆசை வந்து புரட்டலையா? மழையில நனைஞ்சுக்கிட்டு, புத்தகத்தை வேட்டியில பொதிஞ்சு கொண்டாந்தியே அண்ணே, அப்பவே வித்துட்டுத்தான் வந்தியா? அந்த ரெண்டு மாசத்தை நான் பொத்திப் பொத்தி வச்சிருந்தேனே. அதையும் எடுத்துக்கிட்டியே.

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தேன். இவர் ஒன்றும் கவனிக்கவில்லை.

10-11-1959

பாடம் தொடங்கினேன். வேறு என்ன செய்வது? இவர் தேறினால் இவருக்கு நல்லது. எனக்கோ, இங்கிலீஷ் பக்கம் ஒன்றைக் கண்ணால் பார்த்து எத்தனை நாள்!

'சொந்த வார்த்தைகளில்' என்றால் என்ன என்று கேட்டார். யாரும் எடுத்துக் கொடுக்காத வார்த்தை என்றேன். யோசித்தார். "எனக்கு நல்லாத் தெரிஞ்ச இங்கிலீசு வார்த்தை ஒண்ணே ஒண்ணுதான். நில். உப்பு விளையாத நாள்ல ரிப்போர்ட்டுல அதைத்தான் போடுவோம். ஒண்ணுமில்லைன்னு அர்த்தம். இந்த மழை மாசம் பூரா நில், நில், நில்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

28-3-1960

தேறிவிட்டார். ஹெட் கிளார்க். கம்பெனியில் எல்லோருக்கும் லட்டு. அண்ணன் இப்போது இவருக்குக் கீழேதான் வேலை பார்க்கிறான். வந்து இவருக்கு மாலை போட்டான். "எல்லாம் மாப்ள மூளை" என்றான். நான் காப்பி கொடுத்தேன்.

14-10-1961

பெண் குழந்தை. ராமநாதபுரம் ஆஸ்பத்திரி. இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது.

வலியெடுத்து வந்த அன்று வார்டு வாசலில் விவரம் கேட்ட நர்ஸ், பூமயில். தொப்பிக்குள் முடி அழகாக அடங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு ஏன்டி வரலை? பரீட்சை மண்டப வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். இத்தனை வருஷமாக வைத்திருந்த கேள்வி. அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது, அவள் கையையே இறுகப் பிடித்தேன்.

பிறகு வேலையைப் பார்த்தாள். பெயர், வயது, ஊர். நான் சொன்னேன்.

"என்ன வேலை?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார். நர்ஸம்மா முன்னால் ஹெட் கிளார்க் இங்கிலீஷ் பேச வேண்டாமா? "நில்" என்றார்.

பூமயிலின் பேனா ஒரு நொடி நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு எழுதிவிட்டாள்.

இன்று சாயந்திரம் அண்ணன் வந்தான், ஆரஞ்சுப் பழத்தோடு. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினான். "எம் மருமகளை நான் இங்கிலீசு படிக்க வைக்கிறேன் தாயி. நல்ல புத்தகமா வாங்கியாரேன்."

"வேணாம்ணே. புத்தகம் நான் வாங்கிக்கிறேன். கடைசிப் பக்கமெல்லாம் இருக்கான்னு பாத்து வாங்கிக்கிறேன்."

அவன் முகம் செத்துப்போனது. குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போனான். போகட்டும். நான் கூப்பிடவில்லை.

அந்த வார்த்தைதான் மனதில் கிடந்து அரிக்கிறது. இங்கிலீஷில் அதற்கு 'ஒன்றுமில்லை' என்று அர்த்தம். இந்த நாலைந்து வருஷத்தில் வா என்றார்கள், போ என்றார்கள், நட என்றார்கள், சொல்லிக்கொடு என்றார்கள். இந்த ஒன்றை மட்டும் யாரும் எனக்குத் தமிழில் சொல்லவில்லை.

குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதற்கு முன்னால் குனிந்து அவள் காதில் சொன்னேன், என் சொந்த வார்த்தையில்.

நில்.