பலகையில் உங்கப்பா பேர்

ஆட்டையாம்பட்டி
ஐப்பசி 9, ஞாயிறு

என் சாமி சந்தோஷ்குமாருக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா சரிதாவும் மாப்பிள்ளை குருமூர்த்தியும் பேத்தி சண்முகப்பிரியாவும் தெய்வம் கொடுத்த அளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் குழந்தைகளும் அந்தத் தான்சானியா தேசத்து வெயிலில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் திருச்செங்கோடு இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். போனில் முகம் பார்த்துப் பேசுகிற அம்மா எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நீ திகைப்பாய். போனில் பேசினால் உன் பின்னால் மருமகள் வந்து நிற்பாள், குழந்தைகள் பாட்டி பாட்டி என்று கத்தும், எனக்கும் உன் முகத்தைப் பார்த்தால் சொல்ல வந்தது உள்ளேயே போய்விடும். இது நீ மட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி. அதனால்தான் போர்வெல் போடுகிற உன் ரிக் வண்டி வேலைக்குத் திரும்புகிற அப்புசாமியிடம் முறுக்குப் பையோடு இந்தக் கவரையும் கொடுத்து அனுப்புகிறேன். ஐந்தாவதோடு நிறுத்தினாலும் அந்தப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுத வாத்தியார் என்னைத்தான் கூப்பிடுவார், அதனால் யாரையும் வைத்து எழுதவில்லை, நானேதான் மூன்று நாளாக எழுதுகிறேன்.

இங்கே இரண்டு மழை நன்றாகப் பெய்தது. குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்டியாகிவிட்டது. உன் அக்காவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனாலும் அவள் வாயைக் கட்டமாட்டேன் என்கிறாள், நீ பேசும்போது சொல். சேலத்தை நீ இப்போது வந்து பார்த்தால் வழி கேட்டுத்தான் போவாய். நம் ஓட்டல் திறந்த பிறகு இந்த இரண்டு மாதத்தில் அதே ரோட்டில் இன்னும் மூன்று இடம் திறந்துவிட்டார்கள். ஒன்று மொட்டை மாடியில், அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் ஏற்காட்டு மலை விளக்கெல்லாம் தெரிகிறதாம். இன்னொன்றில் அரபு தேசத்துச் சோறு, பெரிய தாம்பாளத்தில் கொட்டி ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாக அள்ளித் தின்கிறார்கள், அதற்கு வாசலில் வரிசை. மூன்றாவது இடத்தில் சனிக்கிழமை தோறும் டான்ஸ் ஆடுகிறார்கள், உள்ளே ஒரே இருட்டாம், லைட்டு மட்டும் சுற்றுமாம். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாத இடத்துக்கு எதற்குப் புதுத்துணி போட்டுக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டேன், அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க அம்மிச்சி என்று பேத்தி பிரியா சிரித்தாள். ராசிபுரம், நாமக்கல்லில் இருந்தெல்லாம் கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் நம்முடையதுதான் பெரிது. ரூம் இருந்தால்தான் பாருக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்று மேலே மூன்று மாடி ரூமாகவே கட்டியிருக்கிறாய். எனக்கு அதில் பெருமை இல்லை என்று நினைக்காதே சாமி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருத்தியிடம் வலியப் பேச்சுக் கொடுத்து, அந்தக் கண்ணாடிக் கட்டடம் எம்மகன் கட்டுனதுங்க என்று சொன்னவள்தான் நான்.

திறப்பு விழா அன்றைக்கு நீ வர முடியவில்லை, போனில்தான் இருந்தாய், அதனால் நான் கண்டதை நீ காணவில்லை. ஓட்டலுக்கு என்ன பேர் என்று நான் எத்தனை தரம் கேட்டும் மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே போய்விட்டார், அம்மாவுக்கு நேரில்தான் காட்டவேண்டும் என்று நீ சொல்லி வைத்திருந்தாயாம். திரையை இழுத்தார்கள். இங்கிலீஷில் பெரிதாக எரிந்தது, அது எனக்குத் தெரியாது, கீழே தமிழில் இருந்ததைப் படித்தேன். உங்கப்பா பேர். அதற்குப் பின்னால் ஒரு ‘ஸ்’. எல்லோரும் கை தட்டினார்கள், சரிதா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், ஆனால் அவள் அழுதது வேறு நான் அழுதது வேறு. அந்தப் பேரைக் கல்யாணமான நாளில் இருந்து இன்றுவரை நான் என் வாயால் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். எங்கள் காலத்தில் அப்படித்தான். கடைசியில் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும்போது நர்ஸ் பேர் கேட்டாள், நான் வாய் திறக்கவில்லை, பதினைந்து வயசுச் சரிதாதான் சொன்னாள். இப்போது ஊரே சொல்கிறது. போன வாரம் சேலம் ஐந்து ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன், ரெண்டு பையன்கள் உங்கப்பா பேரைச் சொல்லி, அங்க போயி ரெண்டு பீர் போட்டுட்டுப் போலாமாடா என்கிறார்கள். முக்காடு போட்டுக்கொண்டு தள்ளி நின்றேன்.

உள்ளே கூட்டிப் போனார்கள். பார் மேசைக்குப் பின்னால் கண்ணாடித் தட்டுகளில் பாட்டில்கள் வரிசையாக, கீழே இருந்து லைட்டு அடித்து, தேர் மாதிரி ஜோடித்திருந்தார்கள். நட்டநடுவில் உங்கப்பா போட்டோ, சந்தன மாலை, சின்னச் சிவப்பு விளக்கு. பழைய லைசென்ஸில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் கலர் ஏற்றியிருக்கிறார்கள், சட்டையை வெள்ளையாக்கி, கண்ணையும் வெள்ளையாக்கி. நான் கடைசியாகப் பார்த்த கண் அப்படி இல்லை சாமி. பிறகு பெரிய டிவியில் நீ வந்து பேசினாய். நீ சொன்னது ஒரு வார்த்தை மறக்கவில்லை. “எங்கப்பா ஆயுசுல ஒரு சொட்டுத் தொட்டதில்லீங்க. கூட இருக்கறவங்க எல்லாம் குடிச்சாலும் அவரு மோர்ச் சொம்போட தனியா ஒக்காந்திருப்பாராம். அதனால இங்க யாரு வந்தாலும் மொதல்ல எங்கப்பா பேருல ஒரு டம்ளர் மோரு. அதுக்கப்பறந்தேன் மத்ததெல்லாம்.” அதே வாசகத்தை விலைப் பட்டியல் அட்டையில் முதல் பக்கத்தில் அச்சடித்தும் வைத்திருக்கிறாய், பிரியா படித்துக் காட்டினாள். அது நான் உனக்குச் சொன்ன வார்த்தை. சோறு ஊட்டும்போது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது, முதன்முதலாக நீ ரிக் வண்டி ஏறின அன்றைக்கு, அப்படியே சொன்ன வார்த்தை.

முதல் டம்ளர் மோரை நான்தான் கொடுக்க வேண்டும் என்றார்கள். முதல் விருந்தாளி யார் தெரியுமா, உங்கப்பாவோடு ஒரே ரிக் வண்டியில் ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று பதினோரு வருசம் ஓடின செங்கோடன். நீ சொல்லித்தான் மாப்பிள்ளை அவரைப் பொன்னாடை போர்த்தக் கூப்பிட்டிருந்தார். சின்னப் பித்தளை டம்ளரை அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “மாமன் மோரு குடிச்சு நானு ஒரு நாளும் பாத்ததில்லீங்களே அக்கா” என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திரும்பவும் போட்டோவைப் பார்த்து, “கடேசில கொண்டாந்து பாட்டிலுக்கு நடுவுலயே ஒக்கார வெச்சுட்டீங்க” என்றார். அதில் குத்தலும் இருந்தது, கண்ணில் தண்ணியும் இருந்தது. மோரை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, பையன் மனசு நல்ல மனசு, அது ஒண்ணும் தப்பில்லீங்க என்று சொல்லிவிட்டு, விருந்துக்கு நிற்காமல் போய்விட்டார்.

உனக்குப் புரிந்திருக்கும். உங்கப்பா மஞ்சள் காமாலையில் சாகவில்லை சாமி. குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தார். நாற்பத்தி ஒரு வயசு. கல்யாணமாகி வந்தபோது அப்படி இல்லை, ரிக் வேலைக்குப் போன பிறகுதான். ராப்பகலாக மிசின் சத்தம், காது அடைத்துப் போகும், தூக்கம் வராது, முதலில் தூங்குவதற்கு என்றுதான் குடித்தாராம். வருசத்தில் எட்டு மாதம் வெளியூர், மழைக் காலத்தில்தான் வீட்டுக்கு வருவார், அப்போதும் நான் வெளியே விடமாட்டேன், அதனால் ஊருக்கு முழுசாகத் தெரியாது. பகலில் அவர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போது, வண்டி ஓட்டின அசதி, சத்தம் போடாமல் விளையாடு என்று உன்னிடம் சொல்வேன். நீயும் வாசலில் பம்பரத்தை மண்ணில் விடாமல் கையிலேயே சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அந்தப் பம்பரம் இப்போது நினைவுக்கு வந்து அரை நாளாக எழுத முடியாமல் இருந்தேன்.

செத்த அன்றைக்கே நான் மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டேன். குடிகாரன் வீட்டுப் பெண் என்றால் சரிதாவை யார் கட்டுவார்கள் என்று பயம். அதைவிடப் பெரிது என் வீம்பு. குப்பாயி புருசன் குடித்துச் செத்தான் என்று ஒருத்தர் வாயில் வரக்கூடாது. ஆனால் மோர்க் கதை முழுப் பொய்யும் இல்லை. கடைசி இருபத்தி மூன்று நாள் அவர் வயிற்றில் வேறொன்றும் தங்கவில்லை. மோரைத்தான் பஞ்சில் நனைத்தும் சங்கில் ஊற்றியும் கொடுத்தேன். குழந்தை மாதிரிக் குடிப்பார். ஒரு நாள், குப்பாயி இத நீ மொதல்லயே குடுத்திருக்கலாமே என்றார். நான் கொடுக்காமலா இருந்தேன். அந்த இருபத்தி மூன்று நாளைத்தான் அவர் ஆயுசு முழுக்க என்று இழுத்து உனக்குச் சொன்னேன்.

அதை நீ இவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியாது. அந்த ஊரில் உன் கூட்டாளிகள் எவ்வளவு வற்புறுத்தினாலும், எங்கப்பா தொட்டதில்லை நானும் தொடமாட்டேன் என்று சொல்லிவிடுகிறாயாம், மருமகள்தான் சொன்னாள். அதைக் கேட்டபோது என் பொய்க்கு ஒரு புண்ணியம் உண்டு என்று இருந்தேன், சாகும்வரை சொல்ல வேண்டாம் என்றும் இருந்தேன். திறப்பு விழா முடிந்து இந்த இரண்டு மாதமும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் போன வியாழக்கிழமை, போட்டோவையாவது அந்த இடத்தை விட்டு மாற்றச் சொல்லலாம் என்று சேலம் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். அந்த நேரத்தில் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமாம். வாசல் போர்டிகோவில் ஒரு பெண், முப்பது வயசு இருக்காது, பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பெண் குழந்தை, பைகூடத் தோளில் இருந்து இறக்கவில்லை. வாட்ச்மேன், உள்ள யாரைக் கூப்பிடோணும், பேரச் சொல்லுங்க என்று கேட்கிறான். அந்தப் பெண் வாய் திறக்கவில்லை. அவளுக்கு என் மாதிரி வழக்கமா என்ன, வெட்கம்தான். குழந்தைதான் அப்பா பேரைச் சொன்னது. எனக்கு ஆஸ்பத்திரியில் நின்ற மாதிரியே இருந்தது.

அதற்குள் உள்ளே இருந்து ஒரு பையன் தட்டில் ரெண்டு டம்ளர் மோர் கொண்டுவந்தான். யார் வந்தாலும் கொடுக்க வேண்டும் என்பது நீ போட்ட உத்தரவுதானே. அந்தப் பெண் கையால் தொடவில்லை. குழந்தை தாகத்தில் ரெண்டையும் குடித்துவிட்டு, அந்தப் பையனிடம், இது யாரு குடுத்ததுங்க அண்ணா என்று கேட்டது. அவன் பலகையைக் காட்டி உங்கப்பா பேரைச் சொன்னான். அந்தப் பெண் நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வையை நான் உனக்கு எழுதத் தெரியாமல் இருக்கிறேன். உங்கப்பாவை நான் எத்தனையோ நாள் வைதிருக்கிறேன், என்றாலும் முகம் தெரியாத ஒருத்தி அவரை அப்படிப் பார்க்கக் கூடாது. நான் உள்ளே போகாமலே அடுத்த பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஓட்டலை மூடு என்று நான் சொல்லவில்லை. நாற்பது பேர் அங்கே வேலை செய்கிறார்கள், நீ வெயிலில் வெந்து சம்பாதித்தது. நீ மூடினால் பக்கத்தில் இருக்கிற இடத்துக்குப் போவார்கள். உங்கப்பா பேரை மட்டும் பலகையில் இருந்து எடுத்துவிடு. வேறு எந்தப் பேர் வேண்டுமானாலும் வை. அட்டையில் இருக்கிற அந்த வாசகத்தையும் எடுத்துவிடு, பொய்யை நான் உனக்குச் சொன்னது போதும், அச்சடித்து ஊருக்குக் கொடுக்க வேண்டாம். போட்டோவை யாரும் கழற்ற வேண்டாம், நானே போய் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். மோரை மட்டும் நிறுத்திவிடாதே. அதை உள்ளே வருகிறவர்களுக்குக் கொடுக்காமல் வாசலில் காத்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கச் சொல். அவர்கள் உட்கார ஒரு பெஞ்சு போடச் சொல். கேட்டால் பேர் எதுவும் சொல்ல வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நீ என் மேல் கோபப்படு, ஒரு மாதம் பேசாமல்கூட இரு, பொறுத்துக்கொள்வேன். ஆனால் அப்பாவே குடித்தவர்தானே, நான் எதற்கு விரதம் காக்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே கண்ணு. எனக்கு இதை எழுத முடியாமல் மூன்று நாள் கையைக் கட்டிப்போட்டது அந்தப் பயம் ஒன்றுதான். நான் சொன்ன ஆள் இருந்ததில்லை. ஆனால் அந்த ஆள் மாதிரியே நீ வளர்ந்து நிற்கிறாய், இனிமேல் நீ யாரைப் பார்த்தும் அப்படி இருக்க வேண்டியதில்லை, உனக்காகவே இரு.

சரிதாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. பதினைந்து வயசில் அவள் ஆஸ்பத்திரி வாசம் பார்த்தவள், தெரிந்தும் தெரியாமல் இருக்கிறாளோ என்னவோ. முறுக்கு இரண்டு டப்பா, ஒன்று குழந்தைகளுக்கு, ஒன்று உன் வண்டிப் பையன்களுக்கு. காத்துப் புகாமல் மூடி வை. ராப்பகலாக மிசின் பக்கத்தில் நிற்காதே, காதுக்குப் பஞ்சு வை, தூக்கம் வராவிட்டால் எந்த நேரமானாலும் அம்மாவைக் கூப்பிடு, நான் எடுப்பேன். நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து, நூறு வருசம் இருக்க வேண்டும் என்று திருச்செங்கோட்டு மலையானைக் கும்பிட்டு ஆசீர்வதிக்கிறேன். படித்ததும் காகிதத்தைக் கிழித்துவிடு. வேண்டாம், வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மணியன் பெண்டாட்டி குப்பாயி