ஜீயபுரத்தான் கடையில் கடைசிச் சரக்கு

மாப்ள,

உன் வீட்டிலிருந்து ஒரு பூவன் வாழைத்தார் வந்திருக்கிறது. உன் மனைவி, என் தங்கச்சிதான் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். அது பழுத்துவிட்டது. தென்னூரில் இந்தச் சின்ன அறை முழுக்க இப்போது உன் சட்டை வாசனை. வாழை மண்டியிலிருந்து நேரே வந்து, கைகூடக் கழுவாமல் பக்கத்து நாற்காலியில் உட்காருவாயே, அதே வாசனை. எரிச்சலாக இருக்கிறது, போ. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

இந்தக் கம்ப்யூட்டரில் நாம் விளையாடிய விண்வெளி விளையாட்டில் எல்லோரும் சண்டைக் கப்பல் வாங்கிச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும் சரக்குக் கப்பல் வாங்கினாய். "சுட்டா என்னடா கிடைக்கும்? வித்தா லாபம் கிடைக்கும்" என்றாய். நீ பாறைகளைக் குடைந்து தாது கொண்டுவருவாய். நான் பட்டறையில் அதைக் காற்று வடிகட்டியாகச் செய்வேன். எந்தக் கப்பலாக இருந்தாலும் உள்ளே இருப்பவன் மூச்சு விட அது வேண்டும். விற்பது உன் பொறுப்பு. சந்தைப் பட்டியலில் உன் பெயர் 'ஜீயபுரத்தான்'. வாழைத்தார் விற்கிற புத்தி அங்கேயும் போகவில்லை. மற்றவன் விலைக்குக் கொஞ்சம் கீழே போடுவாய். வாங்க வருகிறவன் எது மலிவோ அதைத்தானே முதலில் எடுப்பான்.

போணி விஷயத்தில்தான் நமக்குள் தகராறு. காலையில் முதலில் வருகிறவன் என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிடுவாய். "அடிமாட்டு விலைக்குக் கேக்குறான்டா, துரத்தி விடு" என்பேன். "முதல் போணியைத் திருப்பி அனுப்பக் கூடாது மாப்ள. வாழைத்தாரா இருந்தா என்ன, வடிகட்டியா இருந்தா என்ன?" என்பாய். அப்படியும் எப்படியோ லாபம் வந்துகொண்டுதான் இருந்தது.

பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதைத் தவிர நான் ஒன்றும் செய்யவில்லை. செய்ய என்ன இருந்தது? ஒருமுறை உள்ளே விட்டார்கள். கண்ணைத் திறந்து, "சரக்கு போயிடுச்சா?" என்றாய். "இன்னும் ஒண்ணு நிக்குது" என்றேன். "போயிடும்" என்றாய். அவ்வளவுதான் பேசினோம்.

நீ போன பிறகும் அந்த ஒரு வடிகட்டி விற்காமல் நின்றது. அது விற்றுப்போனால் பட்டியலிலிருந்து உன் பெயரும் போய்விடும். விலையை ஏற்றி வைக்கலாமென்றால் உன் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. "விடுங்கண்ணே, விளையாட்டுதானே" என்றாள் தங்கச்சி. நானே வாங்கிக்கொண்டாலும் பெயர் போய்விடும். வேறு வழி தெரியாமல், உன் விலைக்குக் கீழே என் சரக்கை இறக்கினேன். வந்தவர்கள் என்னுடையதை எடுத்துக்கொண்டு போனார்கள். உன்னுடையதை யாரும் தொடவில்லை.

தாது தோண்ட நீ இல்லை. எனக்கு அந்த வேலை வராது. அதிக விலைக்குத் தாது வாங்கி, நஷ்டத்துக்கு விற்றேன். நீ பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய். விளையாட்டில் நாம் சேர்த்ததெல்லாம் கரைந்து, பட்டறையையும் விற்றாயிற்று. கடைசியில் என்னிடமும் ஒரே ஒரு வடிகட்டிதான் மிஞ்சியது. உன் பெயருக்கு முன்னால் அது ஒன்றுதான் காவல்.

இன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்ததுமே ஒரு செய்தி. முன்பின் தெரியாத ஆள். "அண்ணா, புதுசா வந்திருக்கேன். கையில காசு கம்மி. கொஞ்சம் குறைச்சுத் தருவீங்களா?" முடியாது என்று அடிக்கத்தான் போனேன். பக்கத்தில் உன் தார் மணத்துக்கொண்டிருந்தது. காலையில் வந்த முதல் ஆள். கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டேன்.

பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் பட்டியலில் நீ இல்லை. யாரோ வாங்கிப் போயிருக்கிறார்கள். யாரென்று தெரியாது, கேட்கவும் முடியாது. தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டேன்.

முதல் போணியை நான் திருப்பி அனுப்பவில்லை மாப்ள. உன்னைத்தான் நிறுத்தி வைக்க முடியவில்லை.